கையையும் பதிவு செய்ய விடுங்கள்: ஆய்வு மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. திரைப்பதிவும் ஒலிப்பதிவும் போதும், மாணவர்களை வீடியோ எடுக்கத் தேவையில்லை என்று இந்த முறையும் சொல்லிவிட்டீர்கள். கணினியில் அறிவியலும் கணிதமும் கற்கும் பிள்ளைகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு என்பது உங்களுக்குத் தெரியும். அதில் அவர்கள் கையால் காட்டுவதைப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி?

உங்கள் விதிப்படி எடுத்த பதிவிலிருந்து ஒரு துண்டைத் தருகிறேன். இரண்டு மாணவிகள், ஒரே திரை. திரையில் ஒரு வண்டி ஓடி, பாதியில் நிற்கிறது. அதற்குத் தூரம்–நேரம் வரைபடம் போட வேண்டும்.

“இது இப்படிப் போகும்.”
“இல்லடி, இப்படி.”
“ஓ... அப்போ இங்க?”
“அங்கயும் இப்படித்தான்.”

எழுத்துப்படியில் இவ்வளவுதான். இதற்கிடையே திரைப்பதிவில் சுட்டி அசையவே இல்லை. பிறகு ஒரே இழுப்பில் சரியான கோடு வந்து விழுகிறது. நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் பார்த்திருக்கிறார். வண்டி நின்றதும் கோடு கீழே இறங்கும் என்று முதல் பெண் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினாள். மற்றவள் அந்தக் கையையே பிடித்துக் கிடையாக நிமிர்த்தினாள். நின்றுபோன வண்டியின் தூரம் குறையாது, அப்படியே இருக்கும் என்ற பாடம் அந்தப் பிடியில்தான் நடந்தது. எங்கள் தரவில் அது இல்லை. உங்கள் அறிக்கையோ ‘பொருளுள்ள உரையாடல் குறைவு’ என்கிறது. குறையாமல் என்ன செய்யும்?

இதெல்லாம் புதிதும் அல்ல. நீரை உயரமான குவளைக்கு மாற்றினால் அளவு மாறுமா என்பது போன்ற கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்டு, சர்ச், கோல்டின்-மெடோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் ஆய்வு வெளியிட்டார்கள். வாய் ஒன்றும் கை இன்னொன்றும் சொன்ன குழந்தைகள்தான் பயிற்சிக்குப் பிறகு கூடுதலாக முன்னேறினார்கள். 1988இல் பெரி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து சமன்பாட்டுக் கணக்குகளிலும் இதையே கண்டார்கள். ஒலியை மட்டும் வைத்துக்கொண்டால், கற்கத் தயாராக இருக்கும் பிள்ளை வெறுமனே தப்பாகச் சொன்ன பிள்ளையாகத்தான் தெரியும்.

மாணவர்களின் சுட்டிச் சொடுக்குகளை எண்ணிப் படமாகக் காட்டும் டேஷ்போர்டுகளுக்கு மட்டும் ஒப்புதல் தடையில்லாமல் கிடைக்கிறது. எண்ணுவது சுலபம், வண்ணப்படமும் அழகாக வரும். அதுவே போதும் என்றால் பிள்ளைகளை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்? சுட்டிகளை மட்டும் வரவழைத்து உட்கார வைத்துவிடலாமே.

சரி, கோபத்தை விடுகிறேன். பிள்ளைகளின் அடையாளம் வெளியே போய்விடக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது. அதனால் மேசைக்கு மேலிருந்து கைகளும் திரையும் மட்டும் தெரியும்படி ஒரே ஒரு கேமரா போதும் என்கிறோம். பார்வை எங்கே போகிறது என்பதும் எங்களுக்கு முக்கியம்தான், ஆனாலும் முகத்தை விட்டுக்கொடுக்கிறோம். பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்போம். வேண்டாம் என்று பின்னால் சொன்னாலும் அந்தப் பதிவை அழித்துவிடுவோம். வீடியோவில் ஒவ்வொரு அசைவையும் குறித்து வகைப்படுத்த நேரம் பிடிக்கும், அது எங்கள் பாடு. அதற்கான ஈலான் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்த கட்டப் பதிவு தொடங்கும் முன் அந்த ஒரு கேமராவுக்கு அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால், தயவுசெய்து இந்த முறை காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
எழுத்துப்படிகளோடு மல்லாடும் ஓர் ஆய்வாளர்