தாளம் உனக்கு எப்போது கேட்டது?

லாசுப்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள குழாய்க்கு,

நலம், நலமறிய ஆவல். மூன்று மாதமாகப் பேசாமல் இருந்தது என் தவறு. நீ நான்கு முறை அழைத்தாய். நான்கு முறையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. கோபம். அது தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன்னைத் திட்டவேண்டிய பாக்கி இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. அத்தையின் மூட்டுவலி அப்படியே இருக்கிறது. மாஸ்டரைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். உன்னைத்தான் விசாரித்தார், அவருக்கு எப்போதும் நீதான்.

இனி ஹெட்போன்.

48,000 ரூபாய். அது போதாது என்று ஆம்ப்ளிபயருக்கு 11,000. "மின்தடை 300 ஓம் உள்ளது, போனில் நேராகச் செருகினால் முனகும், ஆம்ப்ளிபயர் இல்லாமல் தொடாதே" என்று சொன்னவன் நீ. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் எனக்கென்று நான் வாங்கிய ஒரே பொருள் இது. உன் மகன் உனக்கு வாங்கித் தந்த அதே மாடல், அதே நிறம். பெட்டியைப் பிரித்த அன்று முகம் கழுவி, விளக்கை அணைத்து, கோயிலுக்குப் போகிறவனைப் போல உட்கார்ந்தேன். முதலில் என்ன கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். 1984 வைகாசித் திருவிழாவில் கடலூர் பாடலீஸ்வரர் கோயில் தேரடியில் உன் அப்பா பதிவுசெய்த தோடி ராகம்.

அந்த கேசட்டை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! 2011 டிசம்பரில் தானே புயல் உன் கடையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, அரிசி டப்பாவுக்குள் இருந்ததால் பிழைத்த கேசட் அது. அதன் ஒவ்வொரு மூச்சும் எனக்கு மனப்பாடம். இந்த ஹெட்போனில் அது வேறு கச்சேரியாக இருந்தது. நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் கீச்சு முன்னால் வந்து நிற்கிறது. குழலின் கனம் எங்கோ பின்னால் போய்விட்டது. தவிலில் பூவரசங்கழி தொப்பியில், அதாவது இடது முகத்தில், விழும்போது அடிவயிற்றில் ஒன்று இறங்குமே, அது இறங்கவில்லை. கழி தோலில் படுகிற சத்தம் இருக்கிறது, தோலுக்குப் பின்னால் பலாக்கட்டை இல்லை. பண்ருட்டிப் பலாவைக் குடைந்து செய்த தவில், தகர டப்பாவாகிவிட்டது. சுருதிக்கு ஊதுகிற ஒத்து கொசுவைப் போல ரீங்கரிக்கிறது. கையில் தட்டுகிற அந்தத் தாளமோ, ஐயோ, ஊசி. ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தேன். பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டேன்.

நான் அவசரப்பட்டு முடிவுக்கு வரவில்லை. மூக்குக்கண்ணாடியின் கம்பி மெத்தையைத் தூக்கிவிட்டால் பேஸ், அந்த அடிக்கனம், கசிந்துபோகும் என்று படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டேன். கொஞ்சம் கனம் கூடியது, ஊசி போகவில்லை. நூறு மணி நேரம் ஓடவிடு, மெம்பரேன் தளரும் என்றாய். பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்து நான்கு நாள் இரவும் பகலும் ஓடவிட்டேன். பின்பக்கம் வலையாகத் திறந்திருக்கிற வகை அல்லவா, பீரோவுக்குள் யாரோ பாடுகிறார்கள் என்று என் மனைவி நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தாள். அதன் பிறகும் அதே ஊசி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 900 ரூபாய்க்கு வாங்கி, மெத்தை உரிந்துபோன என் பழைய ஹெட்போனை எடுத்து மாட்டினேன். தவில் திரும்பி வந்தது.

இதைச் சொன்னபோதுதான் நீ சொன்னாய்: "ஹெட்போன் சரியாகத்தான் இருக்கிறது. உனக்குத்தான் காது போய்விட்டது. எனக்குப் பார், இத்தனை வருடமாகக் கேட்காத தாளம்கூட மணிமணியாகக் கேட்கிறது."

விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் என் அப்பா கடைசி எட்டு வருடம் திண்ணையில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தவன் நீ. எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி தாமதித்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைப் பார்த்தவன். என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? அதனால்தான் போனை வைத்தேன்.

கோபத்தில் நிறையப் படித்தேன். 2017-இல் ஒருவர் 283 ஹெட்போன்களின் அளவுகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். எந்தச் சுருதி எவ்வளவு தூக்கலாகக் கேட்கிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லையாம். அதைப் படித்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பல நாட்டு ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலியைத்தான் விரும்பினார்கள், ஆனால் பேஸ் கூடுதலாக வேண்டும் என்பவர்களும் குறைய வேண்டும் என்பவர்களும் தனித்தனிக் கூட்டமாக இருந்தார்கள். போதாததற்கு, காது மடலும் துளையும் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஹெட்போன் இரண்டு தலையில் இரண்டு விதமாகத்தான் ஒலிக்கும். ஆகவே நீ ஒரு ரசனை, நான் ஒரு ரசனை, அவ்வளவுதான் என்று உனக்கு எழுதி முடித்துவிடலாம் என்றிருந்தேன்.

ஆனாலும் உன் வார்த்தை உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். கனத்த 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சென்ற 8000 வரை. கடைசிச் சத்தங்கள் வரும்போது கை வியர்த்துவிட்டது. கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று தெரியாமல் சில முறை அழுத்தினேன். பரிசோதித்த பெண் நம் பிள்ளைகளின் வயதுதான் இருப்பார். வரைபடத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்: காதுக்கு எட்டுகிற மிக மெல்லிய சத்தம் 25 டெசிபெல்லுக்குள் இருந்தால் குறையில்லை. 4000 வரை என் இரண்டு காதும் அதற்குள் இருக்கிறது. 8000-இல் 40-க்கு இறங்கியிருக்கிறது. அறுபதை நெருங்குகிறவர்களுக்கு இது சாதாரணம்.

காது போகவில்லை, குழாய். உன்னைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சண்டை போடவேண்டும் என்ற உற்சாகத்தில் பஸ் ஏறினேன். இந்திரா காந்தி சதுக்கத்தில் பஸ் நின்றது. அங்கேதான் உன் இன்னொரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாகக் கேட்காத தாளம்.

அந்தத் தாளம் எப்படிக் கேட்காமல் இருக்கும்? தாளக்காரர் மைக்கை ஒட்டி நின்றுவிட்டார் என்று உன் அப்பா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாரே! அந்தப் பதிவில் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு கேட்பதே தாளம்தான். முதன்முதலில் உன் கடையில் போட்டுக் கேட்டபோது, ட்ரெபிளை முழுவதும் குறை என்று கத்தியது நீதான். அது உனக்கு எப்போது கேட்காமல் போனது?

மறுநாளே திரும்பப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். என் நண்பன் இருபது வருடம் மைக் செட் கடையில் ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில், குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவன். எனக்கு ஊசியாகக் குத்துவது அவனுக்கு மணியாக ஒலிக்கிறது. இது ரசனைதானா என்று. ஆளைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். ஆனால் பெரிய சத்தம் முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தைத்தான் தின்னும், அங்கே தேய்ந்தவர்களுக்கு அந்தப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கிற ஹெட்போன் இனிமையாக இருந்தால் ஆச்சரியமில்லை என்றார். ச, ஸ போன்ற மெல்லிய எழுத்துகள் மங்கும், குழந்தைகளின் பேச்சு பிடிபடாது, சத்தம் கேட்கும் ஆனால் சொல் புரியாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

பேரன் வாயிலேயே மென்று பேசுகிறான் என்கிறாய். அவன் என்னிடம் தெளிவாகத்தான் பேசுகிறான். போனில் நான் சொல்வதை இரண்டு முறை கேட்கிறாய்; டவர் சரியில்லை என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். என் மகளின் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பே பழத்தட்டோடு வந்து வாசலில் நின்றாயே, பத்தாம் தேதி என்று நான் சொன்னதை எட்டாம் தேதி என்று கேட்டதாகச் சொன்னாயே, அன்றைக்கு வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

அதனால்தான் கடிதம். இதைப் போனில் சொல்லி, பாதி உன் காதில் விழாமல் போய், அந்தப் பாதியை நீ சிரித்துச் சமாளித்துவிடக் கூடாது.

இரவெல்லாம் அந்த ஹெட்போனை முழு வால்யூமில் மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறாய் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அதை இன்றோடு நிறுத்து. உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். உள்காதில் இருக்கிற மயிர் போன்ற செல்கள் ஒரு முறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் கேலி செய்தது நான் காதில் வைத்த பஞ்சைத்தான், உன் குழாயை யாரும் எதுவும் சொல்லவில்லை. பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது என்றும் அந்தப் பெண் சொன்னார். திருவிழாவுக்குத் திருவிழா வந்து நின்றவன் நான். தினமும் நின்றவன் நீ. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் இப்படி ஆகலாம், சுத்தம் செய்தால் சரியாகிவிடும். அப்படி இல்லாவிட்டால் காதுக்கருவி இருக்கிறது. சீக்கிரம் மாட்டினால் சீக்கிரம் பழகும். என் அப்பா மாட்டமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். உன்னை நான் விடமாட்டேன்.

உன் ஹெட்போன் உன்னிடமே இருக்கட்டும், மெதுவாக வைத்துக் கேள். என்னுடையதை உன் மகனிடம் கொடுத்துவிடப் போகிறேன், பாதி விலை தந்தால் போதும். அந்தத் தோடியின் அசல் கேசட்டை மட்டும் வரும்போது எடுத்து வா. வரவேண்டிய நாளையும் குறித்துவிட்டேன், ஆஸ்பத்திரியில் உன் பெயரைப் பதிவு செய்தாயிற்று. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்கு இங்கே இருப்பாய். நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்றாகப் போகலாம். தங்கச்சியையும் கூட்டி வா.

வரும் மாதம் பத்தாம் தேதி. எண்ணாலும் எழுதுகிறேன்: 10.

அன்புடன்,
பஞ்சு