வெருகலில் இருக்கும் அக்காவுக்கு, கனடா வின்னிபெக்கிலிருந்து

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம். அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் எப்படி? நேற்று அம்மா போன் எடுத்து "அங்கேயும் வெள்ளமாமே, வீட்டுக்குள் வந்துவிட்டதா" என்று அழாத குறையாகக் கேட்டார், பதில் சொல்ல முதல் லைன் வெட்டுப்பட்டுவிட்டது. அதுதான் எழுதுகிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்குள் வரவில்லை. அமெரிக்கா பக்கம் போகிற 75ஆம் இலக்கப் பெருந்தெருவைத்தான் மொறிஸ் என்ற ஊரடியில் மூடிவிட்டார்கள். அந்த ஊரைச் சுற்றி மண் அணை இருக்கிறது, வெள்ளம் ஏறினால் ரோடு உள்ளே நுழைகிற இடத்தையும் மண் கொட்டி அடைத்துவிட்டு சனம் தீவு மாதிரி உள்ளே இருக்கும். எனக்கு வான் ஓட்டம் சுற்றுவழியில்.

இங்கே வெள்ளத்துக்கு மழையே தேவையில்லை அக்கா. ரெட் ரிவர் தெற்கே அமெரிக்காவிலிருந்து வடக்கு நோக்கி வருகிற ஆறு. தெற்கில் பனி முதலில் உருகிவிடும், வடக்கில் ஆறு இன்னும் ஐஸாகக் கிடக்கும், தரையும் நம்முடைய வயல்வெளி போலத் தட்டை, அதனால் வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் மைல் கணக்கில் பரவுகிறது. நல்ல வெயில் எறிக்கிற நாளில்! கூட வேலை செய்கிற பஞ்சாபிப் பெடியன் வானத்தையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தான். கண்டி மலையில் பெய்த மழை மகாவலியில் இறங்கிவர வெருகலில் மூட்டை கட்டிய எனக்கு அது புதினமில்லை.

எனக்குப் புதினம் வெள்ளத்தைத் திருப்ப இவர்கள் வெட்டிய கான்தான். 1950 வெள்ளத்தில் வின்னிபெக்கில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்களாம். பிறகு டஃப் ரோப்ளின் என்ற முதலமைச்சர் நகரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவோம் என்று நின்றார். வீண் செலவு என்று பழித்தவர்கள் அதற்கு 'டஃப்பின் கான்' என்று பட்டம் வைத்தார்கள். 1962இல் தொடங்கி 1968இல் முடிந்தது, 47 கிலோமீற்றர் நீளம். ஆற்றில் கதவை உயர்த்தினால் தண்ணீரில் ஒரு பங்கு அதற்குள் திரும்பி, நகரத்தைச் சுற்றிப்போய்க் கீழே மறுபடி ஆற்றில் விழும். 1997இல் எல்லையின் அந்தப் பக்கம் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் மூழ்கியது, வின்னிபெக் தப்பியது. ஆனால் கானுக்குத் தெற்கே சென்ட் அகத் என்ற சின்ன ஊருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் அதற்கு அணை. சின்ன ஊர்களின் முறை எங்கேயும் பிறகுதான் வரும்போல.

இதைவிட எனக்குப் பொறாமை, மாசி பங்குனியிலேயே இந்த வருடம் வெள்ளம் எப்படி என்று அறிவித்துவிடுவது. நமக்கு நாய் குரைத்து எழும்பிக் காலைக் கீழே வைத்தால்தானே தெரியும். அதனால் சொல்கிறேன், வருகிற மாரியில் மேலே மனம்பிட்டியில் மகாவலி ஏறுகிறது என்று ரேடியோவில் கேட்டவுடனேயே அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள், விதானையார் வந்து சொல்லட்டும் என்று அத்தான் இருக்க வேண்டாம். ஏ 15 வீதி மூடினால் பிறகு உழவு மெசினும் போகாது. காணி உறுதி, அடையாள அட்டைகளை இப்போதே பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரணில் வையுங்கள். இந்த மாதக் காசு கொஞ்சம் கூட வரும், மாட்டுக்கொட்டில் தரையை உயர்த்தத்தான், வேறு செலவுக்கில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், பேஸ்மென்டில் கிடந்த அரிசி மூட்டையை நான் போன மாதமே மேலே தூக்கிவிட்டேன்.

அன்புடன்,
தம்பி