ஒரு புள்ளி கோட்டை இழுத்தால்: இரும்புக் கணக்கீட்டில் நாங்கள் செய்த மாற்றம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குடிநீரில் இரும்பின் அளவைக் கணக்கிட உங்கள் பரிசோதனைக் கூடங்களுக்கு நாங்கள் எழுதித் தந்த மென்பொருளில், புதிய பதிப்பிலிருந்து காலிபரேஷன் கோடு, அதாவது கருவி காட்டும் எண்ணை இரும்பின் அளவாக மாற்றித் தரும் நேர்கோடு, போடும் முறை மாறுகிறது. நீங்கள் கையெழுத்திடும் அறிக்கையின் எண்ணையே இது தொடுகிறது. ஆகவே என்ன செய்தோம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இதுவரை பயன்படுத்தியது மீச்சிறு வர்க்க முறை: புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் தூரங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகும் கோட்டைத் தேர்ந்தெடுப்பது. 1805-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் வெளியிட்ட அந்த முறை இன்றும் உலகெங்கும் உழைக்கிறது. அதன் பலவீனம் வர்க்கப்படுத்துவதில் இருக்கிறது. பத்து மடங்கு விலகிய புள்ளி, கூட்டுத்தொகையில் நூறு மடங்கு இடம் பிடித்துக்கொள்கிறது.

இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பினாந்த்ரோலினைச் சேர்த்து, 510 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கும் வழக்கமான சோதனையையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0, 0.5, 1, 1.5, 2, 2.5, 3 மில்லிகிராம் இரும்பு கொண்ட, அளவு முன்பே தெரிந்த ஏழு நியமக் கரைசல்கள். கருவி காட்டும் ஒளி உறிஞ்சல் 0.001, 0.099, 0.202, 0.299, 0.401, 0.590, 0.600. ஆறாவது எண் 0.500-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். பிப்பெட்டில் கை தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கோட்டின் சாய்வு 0.2127 ஆகிவிடும். 0.500 காட்டும் மாதிரி நீரில் இரும்பு லிட்டருக்கு 2.38 மில்லிகிராம் என்று அறிக்கை வரும். உண்மையில் அது 2.50. தவறியது ஒரே ஒரு குடுவை. அன்றைய அறிக்கைகள் அத்தனையும் பிசகுகின்றன.

புதிய முறை, புள்ளியியலாளர் பீட்டர் ஹூபர் 1964-இல் முன்வைத்த கருத்தின் வழி வந்தது. முதலில் பழைய கோட்டையே போடுகிறோம். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறோம். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, அதாவது கோட்டைத் தீர்மானிப்பதில் அதற்குரிய பங்கு, தருகிறோம். விலகல் ஒரு வரம்புக்குள் இருந்தால் எடை 1. தாண்டினால், வரம்பை விலகலால் வகுத்து வருவதே எடை. அந்த எடைகளுடன் மீண்டும் கோடு, மீண்டும் விலகல், மீண்டும் எடை. சாய்வு அசையாமல் நிற்கும்வரை இப்படியே சுற்றுகள் தொடரும். மேலே சொன்ன கணக்கில் தவறிய புள்ளியின் எடை 0.44, 0.22, 0.12, 0.06 என்று இறங்கி 0.03-இல் நின்றது. சாய்வு 0.2005, மாதிரி நீர் 2.49. முதல் சுற்றில் குற்றமற்ற கடைசிப் புள்ளிக்கும் எடை 0.88 ஆகக் குறைந்தது. கோடு நேரானதும் அதற்கு 1 திரும்பக் கிடைத்தது. ஒரே சுற்றில் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

வரம்பை எதைக் கொண்டு அளப்பது? எங்கள் முதல் முயற்சி இங்கேதான் தோற்றது. திட்ட விலக்கத்தை அளவுகோலாக வைத்தோம். கெட்ட புள்ளி அந்த அளவுகோலையே நீட்டிவிட்டது; முதல் சுற்றில் அதன் எடை 0.71-க்குக் கீழே இறங்கவில்லை. இப்போது விலகல்களின் குறியை நீக்கி, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்து 0.6745-ஆல் வகுக்கிறோம். அதை 1.345-ஆல் பெருக்கினால் வரம்பு. பிழைகள் இயல்புப் பரவலில் அமைந்த நல்ல நாளிலும், பழைய முறையின் திறனில் 95 விழுக்காடு இந்த எண்ணால் நம் கையில் இருக்கும். புள்ளிகள் கோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டால் நடு எண் சுழியமாகி வகுத்தல் முறிந்துவிடும். அதனால் கருவியின் நுண்மையான 0.001-க்குக் கீழே அளவுகோலை இறங்கவிடுவதில்லை.

பைத்தானில் சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம்பை (NumPy) நூலகத்தில் கோடு பொருத்தும் பாலிஃபிட் (polyfit) செயற்கூறு, தரப்படும் எடையை விலகலோடு பெருக்கிய பிறகே வர்க்கப்படுத்துகிறது. எனவே எடையின் வர்க்கமூலத்தைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் மாறும்.

விலகிய புள்ளியை அடியோடு நீக்கிவிடும் டூக்கி முறையையும் பரிசீலித்தோம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நீங்கள் அளந்த எண்ணை உங்களைக் கேட்காமல் அழிக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு புள்ளியின் எடையும் இனி அறிக்கையில் அச்சாகும், 0.5-க்குக் கீழே போனால் சிவப்பில் தெரியும். சிவப்பைக் கண்டால் அந்தக் கரைசலைப் புதிதாகத் தயாரித்து மறுபடி அளந்துவிடுங்கள்.

ஒரு குறை மிச்சம் இருக்கிறது. தவறு 3 மில்லிகிராம் கரைசலில், அதாவது கோட்டின் முனையில் நேர்ந்தால், அந்தப் புள்ளி நெம்புகோல் போலக் கோட்டைத் தன் பக்கம் சாய்த்துத் தன் விலகலை மறைத்துக்கொள்ளும். ஹூபர் எடை அதை முழுதாகப் பிடிக்காது. ஆகவே உச்சக் கரைசலை மட்டும் இரண்டு குடுவைகளில் தனித்தனியே தயாரித்து, இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

பழைய அறிக்கைகள் எதுவும் தானாக மாறாது. ஐயமுள்ள நாளின் கோப்பை அனுப்பினால், இரு முறைகளிலும் கணக்கிட்டு, எடைப் பட்டியலோடு கட்டணமின்றி அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
மென்பொருள் பிரிவினர்