திரைக்குப் பின்னால் ஒரு ராஜா

காட்பாடி,
சித்திரை கடைசி ஞாயிறு, மதியம்

அன்புள்ள மச்சானுக்கு,

நீ அனுப்பிய ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பதிலுக்கு நானும் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் சின்னவன் போனைப் பிடுங்கி உன் காதில் டைனோசர் மாதிரிக் கத்துவான். அதனால்தான் பேப்பர், பேனா. முழுப் பரீட்சை லீவில் உன் மாமா ஊரிலிருந்து எனக்கு இன்லேண்டு லெட்டர் போடுவாயே, அந்தக் கணக்கில் இதை வைத்துக்கொள்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. மாடிப்படி ஏற விடாதே. சொன்னால் கேட்கமாட்டார்கள், தெரியும். இங்கே வெயில் வழக்கம்போல நாற்பதைத் தாண்டிவிட்டது. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடமாடுவதில்லை.

இந்த வெயிலில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய், லிஸ்ட் இருந்தால் அனுப்பு என்று கேட்டிருந்தாய். லிஸ்ட்டால் நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் நானே ஒன்று எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். திங்கள் களிமண், செவ்வாய் வர்ணம், புதன் காகித வேலை, வியாழன் கதை. ஆபீசில் கணக்கு எழுதுகிறவன் அல்லவா, கோடு போட்டு, நேரம் போட்டு, டிக் அடிக்கக் கட்டம் வேறு. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு டப்பா நிறையக் கைவேலைச் சாமானும் வாங்கிப்போட்டேன். மூன்றாம் நாள் காலையில் பெரியவள் பல் விளக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்கு?"

அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டேன். அந்த டப்பா இன்னும் பரணில் கிடக்கிறது. உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்.

அப்புறம் நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது.

நம் ஊரில் வைகாசியில் பாரதம் நடக்குமே, மகாபாரதக் கதையைச் சொல்லி ஆடும் திருவிழா. சாயங்காலம் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து, கடைசி நாள் துரியோதனன் விழும் படுகளம். நைனா சைக்கிளில் முன்னால் என்னையும் பின்னால் உன்னையும் ஏற்றிக்கொண்டு போவார். கோணிப்பையை விரித்து முதல் வரிசையில் இடம் பிடிப்போம். நான் பாதியில் தூங்கிவிடுவேன், துரியோதனன் வரும்போது நீ கிள்ளி எழுப்புவாய். போன வருஷம் பிள்ளைகளை ஒரே ஒரு ராத்திரி கூட்டிப்போனேன். சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. கிரீடமும் புஜக்கட்டையும் போட்டுக்கொண்டு திரையை விலக்கி ஆள் வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான், ஆனால் கண்ணை மூடவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் வரை பாத்திரம் கழுவும் இடத்தில்கூட அடவு போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுக் கூத்து ஆரம்பித்தது. எங்கள் வீட்டுப் பாட்டி, அதான் ஆயா, அவருடைய பழைய புடவையை ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் கட்டினோம், திரை ஆயிற்று. ஷூ கம்பெனியில் வேலை செய்வதில் ஒரு லாபம், அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூடியைத் தனியாக வெட்டி மைதாப் பசை காய்ச்சி ஒட்டிக் கிரீடம் செய்தேன். கூத்துக்காரர்கள் போடுவது மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தது. நம்முடையதில் பிஸ்கட் உறைதான் கண்ணாடி. பசை காயவில்லை, காதுப்பக்கம் தொங்கியது. நேராக்கப் போனேன். "விடுப்பா, ராஜாவுக்கு வயசாயிடுச்சு" என்றாள் பெரியவள். சரி, வயதான ராஜா.

நான்தான் ராஜா. பெரியவள் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி. சின்னவன் ஹார்மோனியம், அதாவது எவர்சில்வர் தட்டு. ஆயாவும் என் மனைவியும் சபை.

நான் திரைக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வந்தது. ஒரு நொடிதான், மச்சான், எடுத்துப் பார்த்தேன். வெளியே கட்டியக்காரன் சபைக்குச் செய்தி சொல்கிறான்: "சபையோர்களே! ராஜா உள்ளே இருக்காரு. கையில ஒரு கண்ணாடி வச்சிருக்காரு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவர் முகம் அதுல தெரியலையாம். அதான் விரலால தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கிறாரு!"

ஆயா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. என் மனைவி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். நானும் ராஜா மாதிரி வெளியே வந்து, "வாரும் பிள்ளாய் கட்டியக்காரா, நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டேன். "மழையும் இல்லை, கரண்டும் இல்லை ராஜா, உங்க கண்ணாடிக்கு மட்டும் சார்ஜ் இருக்கு" என்று பதில் வந்தது.

இதே பேச்சைச் சாதாரண நாளில் சோற்றுத் தட்டு முன்னால் அவள் சொல்லியிருந்தால், "அப்பாவுக்கு வேலைடா கண்ணு" என்று வாயை அடைத்திருப்பேன். கூத்தில் கட்டியக்காரனை யார் அடக்குவது? எவ்வளவு பெரிய சக்கரவர்த்தியாக இருந்தாலும் அவன் கேலி செய்தால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் எப்படியோ பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை என் போன் அரிசி டிரம்முக்குள் இருக்கும். உள்ளே ஒலித்தாலும் படியும் அரிசியும்தான் கேட்கும். மானேஜர் இரண்டு தடவை கோபப்பட்டார், அப்புறம் பழகிவிட்டார்.

இன்னொன்றும் கேள். இப்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது குறை இருந்தால் "திரை கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். பிப்ரவரியில் சின்னவன் ஒரு வாரமாக ஸ்கூலுக்குப் போக அழுதான். கேட்டால் வயிற்றுவலி என்பான். அடித்துக்கூடப் பார்த்தேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவனே திரை கட்டச் சொன்னான். ராட்சசனாக வந்தான், முகமெல்லாம் அடுப்புக்கரி. சபையைப் பார்த்துக் கட்டளை போட்டான்: "இனிமே யாரும் வேன்ல கடைசி சீட்டுல உட்காரக் கூடாது! அங்க கிள்ளுறாங்க!" அவ்வளவுதான் கூத்து. மறுநாள் டிரைவரிடம் பேசினேன், முன்சீட்டுக்கு மாற்றினார். வயிற்றுவலி போயே போய்விட்டது. நான் நாலு நாள் துருவித் துருவிக் கேட்டும் வராத பதில், கரி பூசிக்கொண்டதும் வந்துவிட்டது. எனக்கு வரும் பதிலெல்லாம் இப்படித்தான் சுற்றி வருகிறது. அதனால்தான் லிஸ்ட் அனுப்பத் தயங்குகிறேன். உன் பையன் எதற்குள் புகுந்துகொண்டு உன்னிடம் பேசுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எல்லாமே இப்படி அழகாக நடக்கிறது என்று நினைத்துவிடாதே. பல்லாங்குழி கதையைக் கேள். பலகை வாங்கக் கூடாது, செய்ய வேண்டும் என்று முடிவு. முட்டைக்கடையிலிருந்து அட்டை வாங்கி வந்தேன். முப்பது முட்டை அட்டையில் ஒரு பக்கம் ஐந்து குழி, இன்னொரு பக்கம் ஆறு. நமக்கு வேண்டியது வரிசைக்கு ஏழு. வெட்டி முடித்த பிறகுதான் பெரியவள் எண்ணிப் பார்த்துச் சொன்னாள். நீயும் நானும் பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூறு! இரண்டு வரிசைக்கும் ஓரத்தில் ஒரு குழியை வெட்டி ஒட்டினோம், அந்த ஏழாவது குழி கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று ஆயா சொல்லிக்கொடுத்தார். சின்னவனுக்கு எண்ணிக்கை பதினைந்துக்கு மேல் வராது, ஆனால் பசு எங்கே விழுகிறது என்று கழுகு மாதிரிப் பார்ப்பான்.

மூன்றாம் நாள் எழுபதில் ஒன்று குறைந்தது. எங்கே தேடியும் இல்லை. பார்த்தால் அவன் மூக்குக்குள். நான் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் மனைவி நர்சாக இருப்பது நல்லதாயிற்று, "அதால குத்தி உள்ள தள்ளிடாதே" என்று ஒரு அதட்டு. கொட்டை இல்லாத பக்கத்து மூக்கை விரலால் அழுத்தி, வாயை மூடிக்கொண்டு பலமாகச் சிந்தச் சொன்னாள். இரண்டாவது தடவையில் கொட்டை சுவரில் போய் அடித்தது. உன் சின்னவளுக்கு இரண்டு வயதுதானே, அவள் தூங்கும் நேரத்தில் மட்டும் கொட்டை ஆட்டம் ஆடுங்கள். முடிந்ததும் எண்ணிவிட்டு டப்பாவில் போடு.

போனைக் காட்டினால்தான் உன் பையன் சாப்பிடுகிறான் என்றாயே. நைட் டியூட்டி வாரங்களில் நானும் கொடுக்கிறேன், மறைக்க மாட்டேன். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருப்பதாக என் மனைவி பாடம் எடுப்பாள். ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாமாம். அதே தாளில் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை ஆட்டி ஓடியாட வேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வெயிலில் எங்கே ஓடுவது? நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் வேலூர்க் கோட்டைக்குப் போய்விடுகிறோம், எட்டரைக்குள் திரும்பிவிடுவோம்.

அங்கே ஒரு வேடிக்கை. நம் வேலூரைக் கிண்டல் செய்வார்களே, நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று. சாமிக்கு 1981லேயே பதில் கிடைத்துவிட்டது, ஜலகண்டேஸ்வரர் உள்ளே வந்துவிட்டார். ஆறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடி வாயை அடைத்தது. ராஜா விஷயத்தைப் பெரியவள் விடவில்லை. கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலேயர் 1815ல் பிடித்து, மறு வருஷம் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், 1832ல் சாகும்வரை இந்தக் கோட்டைதான் என்று. "அப்போ ராஜா இருந்திருக்காரே, வெளியே விடலை, அவ்வளவுதானே" என்றாள். அன்று சாயங்காலம் என்னைக் கட்டிலுக்கு அடியில் அடைத்து, நாலு காலுக்கும் துப்பட்டா கட்டி, ஒரு மணி நேரம் சிறை. இரண்டு தடவை முறுக்கு வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

இதெல்லாம் நேரம் இருக்கிறவன் பேசுவது என்பாய். ஆயாவிடம் கேள். அவர் பிள்ளைகளோடு விளையாடியதே கிடையாது, வேலையில் சேர்த்துக்கொள்வார். விதைக்கு மல்லாக்கொட்டை உரிக்க ஒரு முறம் குவித்துவிட்டு நம்மை உட்கார வைப்பாரே, பாடிக்கொண்டே உரிக்க வேண்டும் என்று கட்டளை. ஏன் என்று அப்போது நமக்குப் புரியவில்லை. வாய் பாடினால் கொட்டை உள்ளே போகாது! போன வாரம் என் பிள்ளைகளிடமும் அதே வேலையைக் காட்டினார். சின்னவன் ஒரு வரி பாடுவான், ஒரு வரிக்கு ஊமையாகிவிடுவான், கன்னம் மட்டும் அசையும். இரண்டு படி உரிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடித்திருப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் ஊரில் இந்த வருஷமும் பாரதம் உண்டு. படுகளத்தன்று கட்டாயம் வா. தரையில் மண்ணால் அத்தனை பெரிய துரியோதனனைப் படுக்கப் போட்டிருப்பதை உன் பையன் ஒரு தடவை பார்க்கட்டும். அதற்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு ஆட்டம் இருக்கிறது. பீமனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கட்டியக்காரன் புலம்பிக்கொண்டிருக்கிறாள். உன் பையன் தலையைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து, எத்தனை இன்ச் என்று அனுப்பு. அட்டையை வெட்டி வைக்கிறேன். இங்கே கடையில் சிவப்பு ஜிகினாத் தாள்தான் இருக்கிறது, அங்கே பச்சை கிடைத்தால் நாலு தாள் வாங்கி வா.

உன் பெஞ்சுக்காரன்