மாரி கழியும்வரை வீதி வேலையின் மிச்சக் காசைக் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூராட்சி சபை அமர்வுகள் பற்றிய செய்திகளைத் தவறாமல் வாசிப்பவன் நான். எந்த வட்டாரத்தில் எத்தனை ஒழுங்கைக்குத் தார் போடுவது என்பதில்தான் உறுப்பினர்களுக்குள் இழுபறி. போட்ட வீதியை யார் அளந்தார், எப்போது காசு கொடுத்தார்கள் என்று கேட்பவர் அருமை.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே எல்லாவற்றையும் பார்த்தார்கள். அப்போது கேட்க ஆளில்லை, சரி. 2025 மே 6 தேர்தலோடு யாழ் மாவட்டத்தின் 17 சபைகளுக்கும் உறுப்பினர்கள் வந்துவிட்டார்களே.

எங்கள் பகுதியில் ஒரு ஒழுங்கைக்குக் கார்த்திகை மழைக்குள் தார் போட்டார்கள். கிறவல் காயவேயில்லை. தை பிறக்க முன்னரே ஓரம் உடைந்து, மதகடியில் பள்ளம் விழுந்துவிட்டது. ஏன் மழைக்குள் போட்டார்கள்? ஒதுக்கிய பணத்தை டிசெம்பர் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். வெயில் எறிக்கும் ஆடி, ஆவணி மாதங்கள் மதிப்பீட்டிலும் கேள்வி (டெண்டர்) கோரலிலும் கழிந்துவிடுகின்றன. வேலை தொடங்கும்போது வடகீழ்ப் பருவமழையும் தொடங்கிவிடும். பிறகு ஒரே ஓட்டம்தான்: வேலையும் ஓட்டம், அளவும் ஓட்டம், பில்லும் ஓட்டம்.

இதில் முக்கியமானது அளவு. வீதியின் நீளத்தையும் அகலத்தையும் யாரும் காலடி வைத்தே அளந்து பார்க்கலாம். கல்லும் கிறவலும் எத்தனை அங்குலம் பரவப்பட்டன என்பது தார் மூடிய பிறகு ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கனத்துக்கும் சேர்த்துத்தான் காசு போகிறது. ஆகவே தார் ஊற்ற முன்னர் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்கும்போது, வட்டார உறுப்பினரும் அந்த ஒழுங்கையில் குடியிருக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க வேண்டும். அளவுத் தாளின் பிரதி பில்லோடு சபைக்கு வர வேண்டும். மாதக் கணக்கறிக்கையில் ஒற்றை வரியாக வருவது போதாது. சபை உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்து ஆலோசனைக் குழு அமைக்க 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலேயே இடமிருக்கிறது. (திறப்பு விழாப் பலகையில் பிரமுகரின் பெயருக்கு இருக்கும் இடத்தில் பாதியை வீதியின் கனத்துக்கும் ஒப்பந்தத் தொகைக்கும் கொடுத்தாலே நமக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.)

அடுத்தது பிடிப்புப் பணம், அதாவது பழுது வந்தால் திருத்துவதற்குப் பிணையாகப் பிடித்து வைக்கும் மிச்சக் காசு. ஒப்பந்தத் தொகையில் வழமையாக 5 வீதத்தைச் சபை தன்னிடம் வைத்திருக்கும். பொதுவாக ஒரு வருடத்துக்குள் பழுது வந்தால் ஒப்பந்தகாரரே திருத்த வேண்டும். அந்தப் பணத்தை விடுவிக்க முன்னர் வீதியைப் போய்ப் பார்த்தவர் யார்? எங்கள் ஒழுங்கைக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. ஒரு முழு மாரியைத் தாங்கிய பிறகே, அதுவும் சபையில் வீதியின் பெயரைச் சொல்லி அறிவித்த பிறகே, அது கொடுபட வேண்டும்.

ஒப்பந்தகாரர் எல்லோரையும் கள்ளர் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காக வேலை செய்த சிறிய கொந்தராத்துக்காரர் பில்லுக்காக மாதக்கணக்கில் கந்தோர் வாசலில் நிற்பதும் இங்கே நடக்கிறது. காசு பிந்தும் என்று தெரிந்தவர் அடுத்த முறை விலையைக் கூட்டித்தான் போடுவார், இல்லாவிட்டால் கிறவலைக் குறைப்பார். அளவு சரியென்றால் உடனே கொடுங்கள், பிழையென்றால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் யாரும் இந்த அளவுத் தாள்களைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சபை முடிவு சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒவ்வொரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? தங்கள் செய்தியாளர்கள் அடுத்த அமர்வுக்குப் போகும்போது, இந்த வருடம் எந்தெந்த வீதிகளின் பிடிப்புப் பணம் விடுவிக்கப்பட்டது என்று தவிசாளர்களிடம் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
வரியிறுப்பாளர் ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.