உன் திட்டவரைவைப் படித்தபின்

அன்புள்ள தோழிக்கு,

நலம், நீயும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வழக்கமான சாக்குகள்தாம், அவை உனக்கு மனப்பாடம் என்பதால் விட்டுவிடுகிறேன். பெண்களும் சிறுபான்மையினரும் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் சொந்தமாக நிறுவனம் தொடங்க ஊக்குவிப்பதற்காக நீ எழுதி அனுப்பிய திட்டவரைவை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அண்மையில் என் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லாமல் அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்.

பக்கத்துக்குப் பக்கம் தன்னம்பிக்கைப் பட்டறை, ஆளுமை வளர்ச்சி, தயக்கம் நீக்கும் பயிற்சி என்று எழுதியிருக்கிறாயே, இதை உண்மையிலேயே நீதான் எழுதினாயா? நம் ஆய்வகத்தில் மூன்றாவது குடுவை உடைந்த அன்று துறைத்தலைவருக்கு எதிரில் நின்று நீ பேசிய பேச்சைக் கேட்ட ஒருவரும் பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று எழுதத் துணியமாட்டார்கள். (குடுவையை உடைத்தது நானில்லை என்பதை இன்றும் பதிவுசெய்கிறேன்.)

நடந்தது இதுதான். புதிய நிறுவனங்களுக்கு விதை நிதி, அதாவது தொடக்கப் பணம், வழங்கும் ஓர் அமைப்பின் தேர்வுக் குழுவில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். நீர்வடிகட்டிகளின் சவ்வு அடைத்துக்கொள்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் உணரி (சென்சார்) ஒன்றைச் செய்திருந்த இளம்பெண் முதலில் வந்தார். உள்ளங்கையளவுத் தகட்டையும், அதில் அவரே பற்றவைத்த மெல்லிய கம்பிகளையும், அறுத்துத் திறந்த பழைய சவ்வில் படிந்திருந்த பழுப்புப் படலத்தையும் மேசைமேல் வைத்து, எந்த இடத்தில் அழுத்தம் மாறத் தொடங்குகிறது என்று விரலால் காட்டி விளக்கினார். அவரிடம் கேட்டவை: பெரிய நிறுவனம் ஒன்று இதையே செய்தால் எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள், பணம் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள், உடனிருப்பவர் விலகிவிட்டால் யார் பார்ப்பது? அடுத்து வந்த இளைஞரிடம் முன்மாதிரி என்று காட்ட எதுவுமே இல்லை, சில வரைபடங்கள் மட்டும்தான் இருந்தன. அவரிடம் கேட்டது, ஐந்தாண்டுகளில் இதை எவ்வளவு பெரிதாக வளர்க்கப் போகிறீர்கள் என்று. ஒருவரும் கடிந்து பேசவில்லை, எல்லோரும் புன்னகையோடுதான் கேட்டார்கள். அதனால்தான் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இது என் மனப்பிரமை என்று நீ சொல்லக்கூடும் என்பதால் சான்றும் தருகிறேன். டேனா கான்ஸியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் நடந்த ஸ்டார்ட்அப் போட்டி ஒன்றின் ஏழாண்டுக் காணொளிகளைக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 விழுக்காடு வளர்ச்சியைப் பற்றியவை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 விழுக்காடு இழப்பைத் தவிர்ப்பதைப் பற்றியவை. இழப்பைப் பற்றிக் கேட்டால் இழப்பைப் பற்றித்தானே பதில் வரும்? அந்தப் பதில் முதலீட்டாளரை மேலும் பயமுறுத்துகிறது, தொகை சுருங்குகிறது. உன் திட்டத்துக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்றும் அதில் உண்டு: இந்தச் சாய்வு ஆண் முதலீட்டாளர்களிடம் இருந்த அளவுக்கே பெண் முதலீட்டாளர்களிடமும் இருந்தது. ஆகவே, தேர்வுக் குழுவில் இரண்டு பெண்களை உட்காரவைத்தால் போதும் என்று நீ எட்டாம் பக்கத்தில் எழுதியிருப்பது போதாது. கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து, வருகிற எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்க வேண்டும். இழப்பைப் பற்றிய கேள்விக்கு வளர்ச்சியின் மொழியில் பதில் சொன்னவர்கள் கூடுதலாகத் திரட்டினார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த உத்தியை விண்ணப்பதாரருக்குக் கற்றுக்கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் கோணல் கேள்விக்குரிய பளுவையும் கேட்கப்படுபவர் தலையிலேயே ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் புதிய நிறுவனங்களுக்குத் துணிகர முதலீடாகப் (வென்ச்சர் கேப்பிடல்) போகும் ஒவ்வொரு பவுண்டிலும் பெண்கள் மட்டுமே தொடங்கிய நிறுவனங்களுக்குக் கிடைப்பது ஒரு பென்னிக்கும் குறைவு என்று 2019-இல் அந்நாட்டு அரசு சார்பில் வெளியான அறிக்கையே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 1988-இல் தனிச்சட்டம் வரும்வரை, பெண் ஒருவர் தொழிற்கடன் வாங்க ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்க இடம்தரும் விதிகள் சில மாநிலங்களில் நீடித்தன. நாம் பிறந்து வளர்ந்த காலத்துச் செய்தி இது, கற்காலத்துச் செய்தி இல்லை!

இங்கே ஸ்டெஃபனி ஷெர்லியைக் கொண்டுவராமல் என்னால் இருக்க முடியாது. 1939-இல் நாஜிகளிடமிருந்து தப்பிக்கவைக்கப்பட்ட குழந்தைகளில் ஒருத்தியாக ரயிலேறி பிரிட்டனுக்கு வந்தவர், அகதி, பெண். பெண், சிறுபான்மை என்று நீ திட்டத்தில் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கும் இரண்டு கட்டங்களிலும் ஒரேசமயத்தில் அடங்குபவர். 1962-இல் ஆறு பவுண்டு முதலோடு வீட்டு உணவுமேசையில் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். தன் பெயரில் எழுதிய வணிகக் கடிதங்களுக்குப் பதிலே வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திடத் தொடங்கினார், பதில்கள் வரத் தொடங்கின. தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்த நாடாவைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறார். திருமணத்துக்குப் பின்னோ குழந்தை பிறந்த பின்னோ வேலையை விட்டிருந்த பெண் நிரலர்களைத் தேடிச் சேர்த்து, வீட்டிலிருந்தே வேலைசெய்ய வைத்தார். முதல் முந்நூறு பணியாளர்களில் மூன்று பேர்தான் ஆண்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை அவர்கள் எழுதினார்கள். பின்னர் 1975-இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச்சட்டம் வந்தபோது, பெண்களுக்கு முன்னுரிமை தரும் தன் கொள்கை சட்டவிரோதமாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்ததுண்டு. இந்தக் கதையில் தன்னம்பிக்கைப் பட்டறைக்கு எங்கே இடமிருக்கிறது, நீயே சொல். அவருக்குத் தேவைப்பட்டது கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஒரு வாடிக்கையாளர்.

ஆய்வகத்திலிருந்து சந்தைக்குப் போகும் வழியும் இப்படித்தான் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உயிரியல் பேராசிரியரான நான்சி ஹாப்கின்ஸ் 1990-களில் அளவுநாடாவோடு போய் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட ஆய்வக இடத்தை அளந்து, பெண் பேராசிரியர்களுக்குக் குறைவாகத் தரப்பட்டிருப்பதை நிரூபித்தவர். பல ஆண்டுகளுக்குப் பின் அவரும், சக பேராசிரியர் சங்கீதா பாட்டியாவும், அக்கழகத்தின் முன்னாள் தலைவர் சூசன் ஹாக்ஃபீல்டும் சேர்ந்து மீண்டும் கணக்கெடுத்தார்கள். பேராசிரியர்களில் 22 விழுக்காட்டினர் பெண்கள், ஆனால் பேராசிரியர்கள் தொடங்கிய சுமார் 250 உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களில் பெண்கள் தொடங்கியவை பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆண்களைப்போலப் பெண்களும் தொடங்கியிருந்தால் இன்னும் நாற்பது நிறுவனங்கள் பிறந்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. அந்தப் பெண் பேராசிரியர்கள் எல்லோரும் உலகத்தரமான ஆய்வாளர்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது முதலீட்டாளரோடும் தொழில்துறையோடும் உள்ள தொடர்புதான். ஆலோசனைக் குழுவுக்கு வாருங்கள் என்று கூப்பிட ஆளில்லை. ஆகவே, பட்டறைக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை, காப்புரிமை விண்ணப்பத்துக்கும், ஆய்வாளரைத் தொழில்துறையில் ஓராண்டு உட்காரவைக்கும் உதவித்தொகைக்கும் மாற்றிவிடு.

சிறுபான்மையினரைப் பற்றி உன் வரைவில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. தலைப்பில் இடம், உள்ளே இடமில்லை. நான் சொன்ன அதே குழுவில், குடியேறியோர் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் மின்கல வெப்பக் கட்டுப்பாட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில், ஊர் எது என்று இடைமறித்துக் கேட்டார்கள். பிள்ளை பதில் சொன்னான். பிறகு மின்கலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பயோஎன்டெக் நிறுவனத்தை 2008-இல் நிறுவியவர்களில் ஒருவரான ஓஸ்லெம் டுரெஜி, ஜெர்மனியில் குடியேறிய துருக்கியப் பெற்றோரின் மகள். 2020-இல் உலகமே அந்நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசிக்குக் காத்திருந்தபோது அவருக்கு ஊர் எது என்று யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறாயா?

இன்னொன்று, தொடக்கநிலை நிறுவனத்துக்கு முதல் பணம் பெரும்பாலும் சேமிப்பிலிருந்தோ உற்றார் உறவினரிடமிருந்தோதான் வருகிறது. தலைமுறைச் சொத்து இல்லாத குடும்பத்தில் அந்த முதல் சுற்றே நடக்காது. சம்பளத்தை விட்டுவிட்டு ஓராண்டு முயன்றுபார் என்று சொல்வது வீட்டு வாடகையை யாரோ கட்டும் பிள்ளைகளுக்கு மட்டுமே அறிவுரை. உன் நிதி கடனாகவோ பங்கு எடுத்துக்கொள்வதாகவோ இல்லாமல் மானியமாக இருக்க வேண்டும், அதில் விண்ணப்பதாரரின் மாதச் செலவும் அடங்க வேண்டும். முன்மாதிரியைச் சோதித்துப் பார்க்க மருத்துவமனையோ நீர்வழங்கல் வாரியமோ கொடுக்கும் முதல் கொள்முதல் ஆணையை நீ பேசி வாங்கித்தர முடிந்தால், மேற்கண்ட எல்லாவற்றையும்விட அது பெரியது.

நம் ஆஸ்தான கவிஞரைச் சந்தித்தேன். இன்னும் அதே கவிதையைத்தான் வாசிக்கிறார், நம் தண்டனை தொடர்கிறது. கணக்குப்புலி ஓய்வுபெற்றுவிட்டார், தினமும் யாரையாவது திருத்துகிறாராம்.

திருத்திய வரைவை அனுப்பு. அதில் தேர்வுக் குழுவின் பட்டியலையும் கேள்விப் பட்டியலையும் சேர்த்து அனுப்பு; இரண்டையும் பார்க்காமல் உன் ஆலோசகர் குழுவில் என் பெயரைப் போட நான் சம்மதிக்கப் போவதில்லை. அந்த உணரிப் பெண்ணுக்கு நிதி மறுக்கப்பட்டுவிட்டது. அவர் அனுமதித்தால் உன் முகவரியைக் கொடுக்கலாமா என்று மறுதபாலில் எழுது.

அன்புடன்,
உன் ஆய்வகக் கூட்டாளி