வெள்ளிக்கிழமைப் பேச்சு: எல்லோரும் ஒரு தடவை படித்துவிடுங்கள்

பிள்ளைகளா, தலைப்பு உறுப்பு தானம், ஆளுக்கு ஐந்து நிமிடம். நேற்று மூன்று பேர் பேசிக் காட்டினீர்கள், மூன்று பேருமே அவைக்கு வணக்கம் சொல்லியே ஒரு நிமிடத்தைக் கரைத்துவிட்டீர்கள். ஒரே வரியில் வணக்கம், உடனே விஷயம்.

"தானம் செய்யுங்கள்" என்று பத்து முறை சொல்வதைவிட, விரலை மடக்கி எண்ணிக் காட்டுங்கள்: இரண்டு சிறுநீரகம், இரண்டு நுரையீரல், இதயம், கல்லீரல், கணையம், குடல். மூளைச்சாவு அடைந்த ஒருவரால் எட்டுப் பேர் வரை பிழைக்கலாம். எட்டாவது விரல் மடங்கும்போது ஒரு நொடி நிறுத்துங்கள், அந்த அமைதி ரொம்ப முக்கியம்.

அப்புறம், எதிர்க்கருத்தை யாருமே தொடவில்லை. "உடம்பைச் சிதைத்துவிடுவார்களே" என்று வீட்டில் பாட்டி பயப்படுவது நியாயமான பயம், அதைக் கிண்டல் செய்யாமல் பதில் சொல்லுங்கள்: அறுவை முடிந்ததும் தையல் போட்டு, உடலை முறையாகக் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள், தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தும் இருக்கிறது.

முடிக்கும்போது கேட்பவர் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். பதிவு செய்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள், அதனால் "இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள்" என்பது போதும்.

முழுசாக மனப்பாடம் வேண்டாம், சின்ன அட்டையில் குறிப்பு மட்டும். போனில் டைமர் வைத்து, நின்றபடி, சத்தமாக மூன்று முறை பேசிப் பாருங்கள். வியாழன் கடைசி பீரியடில் ஒத்திகை, அட்டையோடு வாருங்கள்.